ஆறு தூங்குகிறதா?

பரமார்த்த குருவுக்கு ஐந்து சீடர்கள்: மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். பெயர் வைக்கும்போதே சங்கதியைப் போட்டு உடைத்துவிட்டார் வீரமாமுனிவர். இந்த இத்தாலிப் பாதிரியார் 18ஆம் நூற்றாண்டில் எழுதியதை, பாபிங்டன் என்பவர் 1822இல் ஆங்கில மொழிபெயர்ப்போடு லண்டனில் அச்சிட்டார். ஊரப்பாக்கத்தில் என் பேரனுக்குச் சோறு இறங்க இன்றும் இந்த ஆறு பேர்தான் வேண்டும்.

ஆற்றங்கரைக் கதை என்றால் அவனுக்கு உயிர். ஆறு விழித்திருந்தால் ஆபத்தென்று குரு நடுங்குகிறார். ஒரு சீடன் எட்ட நின்றபடி கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் நீட்டுகிறான். 'சுர்'ரென்று சத்தம், புகை. ஐயோ, விழித்திருக்கிறது! காத்திருக்கும் நேரத்தில் இன்னொருவன் தன் தாத்தா கதையை எடுத்துவிடுகிறான். கழுதைமேல் உப்பு மூட்டையோடு ஆற்றைக் கடந்தாராம். கரையேறிப் பார்த்தால் மூட்டைத் தையல் பிரியவே இல்லை, உப்பை மட்டும் காணோம். எப்பேர்ப்பட்ட திருட்டு ஆறு! பிறகு அதே கட்டையால் மறுபடி சோதனை. சத்தமே இல்லை. தூங்கிவிட்டது, கிளம்புங்கள்.

இவர்களை யோசிக்காதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பரிசோதிக்கிறார்கள், பெரியவர்கள் பட்டதைக் கேட்டுக்கொள்கிறார்கள். கட்டை அணைந்துபோனது ஒன்றுதான் கண்ணில் படவில்லை.

எங்கள் ஊரப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஆதனூர் ஏரியின் உபரிநீரும் சேர்ந்துதான் அடையாறு உருவாகி முடிச்சூர், வரதராஜபுரம் வழியாகப் போகிறது. சித்திரை வெயிலில் மனை பார்க்க வந்தவர்கள் வெடித்த மண்ணைத்தான் பார்த்தார்கள். 2015 டிசம்பரில் ஆறு விழித்துக்கொண்டது. மொட்டைமாடிக்கு ஏறியவர்களைப் படகு விட்டுக் கூட்டிவர வேண்டியதாயிற்று. தூங்குகிறதா என்று கேட்டுவிட்டுக் காலை வைத்த குரு எவ்வளவோ மேல்.

எனக்குப் பிடித்தது குதிரைக் கதை. குதிரைமேல் போகையில் கீழே விழுவதில் எதையெல்லாம் எடுக்கலாம் என்று குரு ஓலையில் பட்டியல் எழுதித் தருகிறார். அப்புறம் அவரே குழியில் விழுகிறார். சீடர்கள் ஓலையைப் படித்துத் தலைப்பாகை, வேட்டி என ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள். குருவை விட்டுவிடுகிறார்கள், பட்டியலில் அவர் இல்லையே! குழியில் கிடந்தபடி ஓலையை வாங்கித் தன்னையும் எழுதிச் சேர்த்த பிறகே தூக்கிவிடுகிறார்கள்.

போன மாதம் ஓர் அலுவலகத்தில், "லிஸ்ட்ல உங்க பேரு இல்லையே சார்" என்றார்கள். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். குருவுக்காவது ஓலையைக் கையில் கொடுத்தார்கள். என்னை ஆன்லைனில் விண்ணப்பித்துவிட்டு வரச் சொன்னார்கள்.