மாட்டுப் பொங்கலும் எதிர்வீட்டு மாட்டு எச்சிலும்

வானூர்ப் பக்கம் எங்க ஊர். செம்மண், சவுக்கு, முந்திரி, கொஞ்சம் மல்லாட்டை. வீட்டுல ஒரே மாடு, செவலை. நான் பள்ளிக்கூடம் படிச்ச காலத்துக் கதை இது.

அந்த வருஷம் மாட்டுப் பொங்கலுக்கு ஆயா பாசம் பொங்கி, மிச்சமிருந்த அவ்வளவு பொங்கலையும் செவலைக்கே வச்சிட்டாங்க. நானும் என் பங்குக்கு ரெண்டு வாளி கஞ்சி! மறுநாள் காலையில பாத்தா மாடு அசை போடலை. இடது பக்க வயிறு உப்பிக் கிடக்கு. தண்ணியா கழியுது, புளிச்ச நாத்தம். மத்தியானம் எழுந்திருக்கவே முடியலை.

மாட்டு டாக்டர் வந்து விஷயத்தைக் கேட்டதும் தலையில அடிச்சுக்கிட்டார். "நீங்க சோறு போட்டது மாட்டுக்கு இல்லம்மா, அது வயித்துல இருக்கிற கிருமிக்கு."

அவர் அன்னிக்குச் சொன்னது, பிறகு நான் படிச்சது எல்லாம் சேத்துச் சொல்றேன். வைக்கோலோட நாரைச் செரிக்கிற சரக்கு மாட்டு உடம்புல சுரக்கவே சுரக்காது. நாலு அறை வயித்துல பெரிய அறையான ரூமன்ல இருக்கிற நுண்ணுயிர்கள்தான் அந்த வேலையைச் செய்யுது. அந்தத் தண்ணியில ஒரு மில்லிக்கு ஆயிரம் கோடி பாக்டீரியா வரைக்கும் இருக்குமாம். அதுங்க நாரைப் புளிக்க வச்சு விடுற லேசான அமிலங்கள்தான் மாட்டுக்குச் சாப்பாடு. காத்து பட்டாலே செத்துப்போற இந்த ஜீவன்களை வளத்துப் பாத்த அமெரிக்கர் ராபர்ட் ஹங்கேட், 1966ல இதுக்குன்னே ஒரு புத்தகம் போட்டார்.

திடீர்னு சோறு குவிஞ்சா, மாவுச்சத்தைத் தின்னுற வேற கூட்டம் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டும். அந்தப் புளிப்புல நார் தின்னுற கூட்டம் செத்துரும். மாடு அசை போடும்போது ஊறுற எச்சில்ல சோடா உப்பு இருக்கு, அதுதான் புளிப்பை முறிக்கும். அசையே நின்னுட்டா அதுவும் போச்சு.

டாக்டர் ஊசி, டிரிப்ஸ் எல்லாம் போட்டார். செவலை பொழைச்சுது, ஆனா தீனி எடுக்கலை. மறுநாள் வந்தவர், "நல்லா இருக்கிற மாட்டோட வயித்துத் தண்ணி வேணும்"னார்.

எங்க தெருவுல அப்படி மாடு இருந்தது எதிர்வீட்டுல மட்டும்தான். வரப்புத் தகராறுல ரெண்டு வீட்டுக்கும் மூணு வருஷமா பேச்சு வார்த்தை கிடையாது. அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு நேரா போய் நின்னாங்க. அந்த வீட்டு அக்கா ஒரு வார்த்தை பேசலை, மாட்டை அவுத்துப் பிடிச்சுக்கிட்டு வந்துட்டாங்க.

டாக்டர் குழாய் விட்டு வெதுவெதுன்னு தண்ணி எடுத்து, துணியில வடிகட்டி, ஆறுறதுக்குள்ள செவலைக்கு ஏத்தினார். "அடுத்த வீட்டு மாட்டு எச்சிலா?"ன்னு ஆயா முகத்தைச் சுளிச்சாங்க. ரெண்டு நாள்ல செவலை வைக்கோல் மென்னு அசை போட ஆரம்பிச்சுது. அதைப் பாத்து அழுதது ஆயாதான்.

இப்பவும் ஒவ்வொரு தை ரெண்டாம் தேதியும் ஊருக்குப் போன் பண்ணி, "ஒரு கைப்பிடிக்கு மேல வேணாம்மா"ன்னு சொல்லிடுவேன். உங்க வீட்டுல மாடு இருந்தா நீங்களும் சொல்லுங்க. மீறி வச்சிட்டா, நீங்களா வைத்தியம் பாக்காம உடனே டாக்டரைக் கூப்பிடுங்க.

எதிர்வீட்டோட பேச்சா? அது அன்னிக்கே ஆரம்பிச்சாச்சு. வரப்பு மட்டும் இன்னும் அப்படியேதான் இருக்கு :)