மேன்ஷனை விட்டு இறங்கிய நாட்கள்

திருவல்லிக்கேணி மேன்ஷனில் குடியிருந்தவரா நீங்களும்? அப்படியானால் அந்த வாசம் மறந்திருக்காது. உலராத லுங்கி, மூட்டைப்பூச்சி மருந்து, ரத்னா கபே சாம்பார், சாயங்காலமானால் மெரினாவின் உப்புக்காற்று. சேப்பாக்கத்தில் விக்கெட் விழுந்தால் இரைச்சல் மொட்டைமாடி வரைக்கும் வரும்.

அங்கே கட்டிலுக்குத்தான் வாடகை. நீ யார், என்ன சாப்பிடுவாய் என்று மேனேஜர் கேட்டதே இல்லை. கீழக்கரைக்காரன் ஒருவன், சங்கரன்கோவில் பக்கத்துப் பையன் ஒருவன், நான். மூவருக்கும் ஒரே பக்கெட். நோன்பு மாதத்தில் கீழக்கரைக்காரனோடு பெரிய மசூதிக்குப் போவோம். மயிலாப்பூரிலிருந்து சூஃபிதார் அறக்கட்டளைக்காரர்கள் வந்து, நோன்பு திறக்கச் சைவச் சாப்பாடு பரிமாறுவார்கள். பிரிவினையில் சிந்துவை விட்டு வந்த ஒருவர் தொடங்கிய அமைப்பு அது.

கல்யாணம் நிச்சயமானதும் ஆளுக்கொரு பக்கம் வீடு தேடினோம். புரோக்கர் மாமாவின் பழுப்பேறிய டைரி இன்னும் கண்ணில் நிற்கிறது. எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுவார். கீழக்கரைக்காரனைக் கண்டதும், “ஒங்களுக்கு மீர்சாகிப்பேட்டதான் தம்பி சௌகரியம்” என்றார். மயிலாப்பூர் பக்கத்தை அவனுக்குத் திறக்கவே இல்லை. சங்கரன்கோவில் பையனிடம் ஒரு வீட்டுக்காரம்மா, “ஊர்ல எந்தத் தெருப்பா?” என்று கேட்டார். சொன்னான். குடிக்க மோர் வந்தது, சாவி வரவில்லை. அரசு குவார்ட்டர்ஸ் கிடைத்த பிறகுதான் மனைவியை அழைத்துவந்தான். எனக்கோ சித்தப்பா சொன்ன ஒரு வார்த்தையில் மாடவீதிக்குப் பின்னால் போர்ஷன் அமைந்தது.

வேலி போட்டவர் என்று யாரையும் காட்ட முடியாது. தெரிந்தவர் சொல்லும் தெருவுக்குத்தான் தேடிப் போகிறோம். அந்தத் தெரிந்தவர் பெரும்பாலும் நம்மவராகவே இருக்கிறார். இரண்டு வாசலில் ‘இல்லை’ கேட்டவனுக்கு மூன்றாவது வாசலேறக் கால் கூசுகிறது. ஒரே அறையில் கிடந்த மூவர் அப்படித்தான் மூன்று பேட்டைக்காரர்களானோம். எங்கள் பிள்ளைகளுக்கு ஒருவரையொருவர் தெரியாது.

சாக்பீஸில் ‘டு-லெட்’ எழுதி கேட்டில் தொங்கிய சிலேட்டுகளை இப்போது காணோம். செல்போனில் ‘சைவம் மட்டும்’ என்று போட்டுவிடுகிறார்கள். முகம் பார்த்து மறுக்கும் சங்கடம்கூட மிச்சமில்லை. 2017-இல் வந்த வாடகைச் சட்டம் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யச் சொல்கிறது. சாதி, மதம் கேட்டு வீடு மறுப்பதைத் தடுக்கவில்லை.

உங்கள் மாடிப் போர்ஷன் காலியானால், கேட்டு வருகிறவரிடம் வாடகையையும் அட்வான்ஸையும் தண்ணீரையும் பற்றி மட்டும் பேசுங்கள்.