ஸ்பிரிங் வெட்ட முதல் ஒரு தடவை எங்களிடம் வாங்க

கொஞ்சம் நீளமான பதிவுதான். கார், வான் வைத்திருக்கிறவர்களும் கராஜில் வேலை செய்யும் தம்பிமாரும் பொறுமையாக வாசியுங்கள்.

ஏப்ரல் சீசன் வந்தால் நுவரெலியாப் பக்கம் என்ன சத்தம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார் ஓட்டம் 1934இல் தொடங்கியது. வாப்பாமார் பார்த்ததை நாங்களும் பார்த்தோம், இப்போது எங்களிடம் படிக்கும் பிள்ளைகள் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு வந்து வீட்டுக் காரைப் பதிக்கப் பார்க்கிறார்கள். அங்கேதான் எங்களுக்குக் கவலை.

எங்களிடம் உயர்தரத்தில் பௌதிகவியல் படித்த பையன் ஒருவன் இப்போது கராஜில் வேலை செய்கிறான். பெப்ரவரிக் கடைசியில் வீட்டுக்கு வந்தான். பழைய ஹொண்டா சிவிக் ஒன்று வேலைக்கு வந்திருக்கிறதாம். பின் சீட்டெல்லாம் கழற்றி, மலையேற்றத்துக்குத் தயாராகிறது. சொந்தக்காரர் முன்னுக்கு 12 கிலோ ஸ்பிரிங் வாங்கிக் கொண்டுவந்து தந்திருக்கிறார்.

“அது சரியா சேர்? கேட்டா, கல்லு மாதிரி இருந்தாத்தான் ரேஸ் காருன்னு சொல்றாங்க.”

12 கிலோ என்றால், அந்த ஸ்பிரிங் ஒரு மில்லிமீற்றர் அமுங்க 12 கிலோ பாரம் வேண்டும் என்று அர்த்தம். அவனுக்கு இது புதிதில்லை. அவனுடைய அம்மா கொழுந்து பறித்தவர். மலையில் தொங்கவிட்டுக் கொழுந்து நிறுக்கும் தராசுக்குள் இருப்பதும் ஸ்பிரிங்தான். எத்தனை கிலோவுக்கு அது எவ்வளவு இழுபடுகிறது என்பது அந்த லயத்து வீட்டில் சோற்றுக் கணக்கு.

சரி, நிறுத்துப் பார்ப்போம் என்று போனோம். மூட்டை நிறுக்கும் தட்டுத் தராசு ஒன்றை இரவல் வாங்கினோம். ஒரு சில்லைத் தராசில் ஏற்றினால் மற்ற மூன்றுக்கும் அதே உயரத்துக்குப் பலகை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்குப் பொய் சொல்லும். சொந்தக்காரர் அளவு உடம்புள்ள ஒருவரை ஸ்டியரிங்கில் இருத்தினோம். முன் சில்லு ஒன்றில் 300 கிலோ, பின் சில்லு ஒன்றில் 205. சில்லு, பிரேக் போன்ற, ஸ்பிரிங் தாங்காத பாரம் 40 கிலோ என்று கழித்தால் முன்னுக்கு 260, பின்னுக்கு 165.

அடுத்தது ஜக். முன் சில்லை 60 மில்லிமீற்றர் தூக்கினால் ஸ்பிரிங் 40தான் அமுங்கியது. மூன்றில் இரண்டு. பையன் உடனே, “அப்ப சில்லுக்கு 8 கிலோ சேர்” என்றான். எல்லாரும் வழுக்கும் இடம் இதுதான். 40 அமுங்கிய 12 கிலோ ஸ்பிரிங் 480 கிலோவாகத் தள்ளும். ஆனால் அந்தத் தள்ளலும் கை வழியாகச் சில்லுக்கு வரும்போது மூன்றில் இரண்டாகி 320 ஆகிவிடும். 320ஐ 60ஆல் வகுத்தால் 5.3. நெம்புகோல் இரண்டு தடவை வெட்டுகிறது. அதனால் ஒரு காருக்குச் சரியான 12, இன்னொரு காருக்குச் சரியாக இருக்கவேண்டும் என்றில்லை. பக்கத்துக் கராஜ் என்ன போட்டது என்று கேட்பதில் பிரயோசனமும் இல்லை.

அந்த 5.3இல் 260 கிலோவை வைத்தால் காரின் முன்பக்கம் செக்கனுக்கு 2.26 தடவை ஆடும். சாதாரண வீதிக் கார் ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடையில் ஆடும். வழுவழுப்பான ட்ராக்கில் ஓடும் கார்களுக்கு இரண்டு பக்கம் வரும். காற்றே நிலத்தோடு அமுக்கிப் பிடிக்கும் பெரிய பந்தயக் கார்கள்தான் மூன்றைத் தாண்டும். எங்கட தோட்டத்து வீதி வழுவழுப்பா? ஒட்டுப் போட்ட தார், ஓரத்தில் பள்ளம், அதற்கு மேல் மழை.

சொந்தக்காரர் நம்பவில்லை. “சேருக்குப் புத்தகம் தெரியும், ரேஸ் தெரியாது” என்றார். கோபமில்லை, உண்மைதான். அதனால் அந்த 12ஐயே போட்டு, தோட்டத்து வீதியில் மெதுவாக ஓடவிட்டு, பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் போய்ச் சில்லை போனில் வீடியோ எடுத்தோம். ஒட்டுப் போட்ட இடத்தில் டயருக்கும் தாருக்கும் இடையில் வெளிச்சம் தெரிந்தது. அவர் அதை மூன்று தடவை பார்த்தார். பிறகு ஒன்றும் பேசவில்லை.

முடிவில் முன்னுக்கு 8 கிலோ. செக்கனுக்கு 1.84. பின்னுக்கு 5 கிலோ, அங்கே இரண்டைச் சற்றுத் தாண்டும். முன் சில்லு இழுக்கும் கார் வளைவில் மூக்கை வெளியே தள்ளும், பின்பக்கம் கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் திரும்ப லேசு. ஸ்பிரிங் பழையது வாங்கியதால் பாத்ரூம் தராசில் வைத்து 10 மில்லிமீற்றர் அமுக்கிப் பார்த்தோம், 80 கிலோ காட்டியது. காசு போனது ஷொக்குக்குத்தான். இறுகிய ஸ்பிரிங்கைப் பழைய ஷொக்கால் அடக்க முடியாது.

அந்தக் கார் ஏப்ரல் முடிந்ததும் ரதெல்ல வழியாகத்தான் வீட்டுக்கு இறங்க வேண்டும். 2023 ஜனவரி 20 இரவு அங்கே 7 பேர் போன விபத்தை இந்த ஊர் மறக்காது. அதற்கும் ஸ்பிரிங்குக்கும் முடிச்சுப் போடவில்லை. ஆனால் அந்த இறக்கத்தில் நிலத்தைத் தொடாத சில்லு பிரேக் பிடிக்காது, திரும்பவும் மாட்டாது.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு சொல்கிறோம் என்றால், ஒரு காலம் எங்கள் வீட்டிலேயே கிரைண்டர் ஓடியது. தம்பி வானின் பின் ஸ்பிரிங்கில் ஆறு சுற்றில் ஒன்றரையை வெட்டினான். நாங்களும் பக்கத்தில் நின்று டோர்ச் பிடித்தோம். சுற்றுக் குறைந்தால் ஸ்பிரிங் மூன்றில் ஒரு பங்கு இறுகும், படிப்பித்த பாடம்தான். அமுங்குவதற்கு மிஞ்சும் இடம் அதைவிட மோசமாகக் குறையும் என்பதை யோசிக்கவில்லை. தலவாக்கலைக்குக் கிட்ட ஒரு பள்ளத்தில் ரப்பரில் போய் இடித்தது. பின் சீட்டில் உம்மா. மூன்று கிழமை கட்டிலைவிட்டு எழும்பவில்லை. உம்மா இன்றைக்கும் அந்த வானில் முன் சீட்டில்தான் ஏறுவார், ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

பையன்மாரே, வண்டியைப் பதிக்க ஆசையென்றால் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு வாங்க. பாத்ரூம் தராசு வீட்டில் இருக்கிறது, தட்டுத் தராசையும் இரவல் எடுக்கலாம். பலகை மட்டும் நீங்கள் கொண்டுவாங்க.