கரை இறங்கிக் காண வேண்டிய துறைமுகங்கள்



கடல்வழி உல்லாசப் பிரயாணம் ஒரு காலத்தில் செல்வந்தருக்கு மாத்திரமே உரியதாயிருந்தது. இன்றோ நம்மவரிடையேயும் அந்த ஆவல் பெருகி வருகின்றது. 2021ஆம் ஆண்டு முதல் கோர்டீலியா என்னும் நிறுவனத்தின் உல்லாசக் கப்பல் மும்பையிலிருந்து பிரயாணங்களைத் தொடங்கியது. பின்னர் சென்னையிலிருந்தும் புறப்பட்டு இலங்கைத் துறைமுகங்கள்வரை சென்று திரும்பியது. கொச்சியில் 2021 பிப்ரவரியில் இத்தகைய பிரயாணிகளுக்கென்றே சாகரிகா என்னும் முனையம் திறக்கப்பட்டது. பிள்ளைகளின் விடுமுறையை எண்ணி, உங்களில் சிலரும் இதற்காகப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கலாம்.

அது தவறன்று. ஆனால் உல்லாசக் கப்பலின் ஒழுங்கைச் சற்றே எண்ணிப் பாருங்கள். காலையில் கப்பல் ஒரு பழம்பெரும் துறைமுகத்தை அடைகின்றது. பிரயாணிகள் பேருந்தில் ஏறி, ஒரு கோட்டையையும் ஒரு கடைவீதியையும் பார்த்துவிட்டு, மாலைக்குள் கப்பலுக்குத் திரும்புகின்றனர். துறைமுகத்தைக் கண்டார்களேயன்றி, அத்துறைமுகத்தைத் தோள்மேல் சுமந்த ஜனங்களை அவர்கள் கண்டதில்லை. ஆகவே கப்பல் ஏறுமுன், நமக்கு மிக அருகிலுள்ள ஒரு கடற்கரையைக் கரைவழியாகவே சென்று காணும்படி உங்களை அழைக்கின்றோம். நாகர்கோவிலிலிருந்து இரயிலில் சில மணி நேரத்திற்குள் சென்றடையக்கூடிய திருவனந்தபுரத்தின் கடற்கரையே அது. 1956 நவம்பர் 1ஆம் தேதிவரை கன்னியாகுமரி மாவட்டமும் திருவனந்தபுரமும் ஒரே ஆட்சிக்குட்பட்டிருந்தன. ஊருக்கு வரும் விடுமுறையில் இரண்டு நாட்களை இதற்கென ஒதுக்கினால் போதுமானது.

தெற்கே பூவாறிலிருந்து தொடங்குங்கள். நெய்யாறு கடலோடு கலக்கும் அழகிய இடம் இது. சாலொமோன் ராஜாவின் கப்பல்கள் பொன் ஏற்றிச் சென்ற ஓப்பீர் இந்தப் பூவாறுதான் என்று படகோட்டிகள் உங்களுக்குச் சொல்லக்கூடும். கேட்பதற்கு இனிமையான செய்தி. ஆயினும் அது நிரூபிக்கப்பட்டதன்று. ஓப்பீர் அரேபியாவில் இருந்தது என்பாரும், ஆப்பிரிக்காவில் இருந்தது என்பாரும் உண்டு. அதே ராஜாவின் கப்பல்கள் கொண்டுவந்த மயில்களைக் குறிக்கும் எபிரெயச் சொல், தமிழின் தோகை என்னும் சொல்லிலிருந்து பிறந்ததாகக் கால்டுவெல் முதலானோர் கருதினர். ஆகவே தென்னாட்டுக்கும் மேற்குலகுக்கும் பழங்காலந்தொட்டே கடல்வழி இருந்தது என்று எண்ண இடமுண்டு. ஓர் ஊரைச் சுட்டி அதுவே இது என்று சாதிக்கத்தான் ஆதாரம் போதாது.

பூவாறிலிருந்து வடக்கே வந்தால் விழிஞம். நகரத்திலிருந்து இது சுமார் 16 கிலோமீட்டர் தூரத்திலுள்ளது. திருவனந்தபுரத்தின் கடற்கரை பெரும்பாலும் திறந்த மணற்கரை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலைகள் நேராக வந்து மோதும். விழிஞத்திலோ பாறைமுனை கடலுக்குள் நீண்டு, ஒரு சிறு குடாவைத் தன் கைக்குள் அணைத்துக்கொண்டிருக்கின்றது. கரைக்கு மிக அருகிலேயே கடல் ஆழமாகின்றது. பண்டைக் காலத்து மரக்கலங்களை இங்கே இழுத்ததும் இந்த இயற்கை அமைப்பே. இன்றைய இராட்சதக் கப்பல்களை இழுப்பதும் அதுவே.

அப்போஸ்தலனாகிய பவுல் அலெக்சந்திரியாவின் கோதுமைக் கப்பலில் ஏறி ரோமாபுரிக்குப் பிரயாணப்பட்டு, கப்பற்சேதத்தில் அகப்பட்டதை நாம் அறிவோம். அதே நூற்றாண்டில், எகிப்திலிருந்து புறப்பட்ட வேறு கப்பல்கள் மிளகை நாடி மலையாளக் கரைக்கு வந்துகொண்டிருந்தன. அக்காலத்துக் கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிவைத்த பெரிப்ளூஸ் என்னும் கடல்வழிக் கையேட்டில், பலிதா என்னும் நல்லதொரு துறைமுகம் சொல்லப்படுகின்றது. அதை விழிஞம் என்று கொள்வாரும் வர்க்கலை என்று கொள்வாரும் உளர்.

பின்னர் விழிஞம் ஆய் மன்னரின் கோட்டையாயிற்று. எட்டாம் நூற்றாண்டில் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் இதைக் கைப்பற்றியதை அவனுடைய செப்பேடுகள் பெருமையோடு கூறுகின்றன. அதன்பின் சோழர் வந்தனர். ஊரின் பெயரே இராஜேந்திர சோழப் பட்டினம் என மாறியது. கலிங்கத்துப்பரணியிலும் விழிஞத்தின் வீழ்ச்சி பேசப்படுகின்றது. ஒரு சிறு குடாவுக்காக மூன்று இராஜ வம்சங்கள் இரத்தம் சிந்தின என்றால், அக்குடாவின் மதிப்பு எத்தகையது என்பதை நீங்களே உணரலாம். இன்று அந்தப் பழம்பெருமையில் கண்ணால் காணக் கிடைப்பது, ஒரே பாறையில் குடையப்பட்ட சிறு குகைக் கோயிலும், அதன் இருபுறத்திலும் முற்றுப்பெறாத சிற்பங்களுமே.

போர்ச்சுக்கீசியர் காலத்தில், 1544ஆம் ஆண்டின் இறுதியில், பிரான்சிஸ் சவேரியார் இந்தத் திருவிதாங்கூர்க் கரையோரமாக ஊர் ஊராக நடந்தார். ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் அதிகமானோருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக அவர் கடிதம் எழுதினார். இன்றும் இக்கரையின் மீனவர்களில் மிகுதியானோர் கத்தோலிக்கர். விழிஞத்தில் இஸ்லாமிய மீனவர்களும் திரளாக வாழ்கின்றனர்.

பழைய மீன்பிடித் துறைமுகத்தில் நின்று தெற்கே நோக்குங்கள். வானளாவிய பாரந்தூக்கிகள் வரிசையாக நிற்பதைக் காண்பீர்கள். அதுவே விழிஞம் சர்வதேசத் துறைமுகம். 1940களில், திவான் சி.பி. ராமசாமி ஐயரின் காலத்திலேயே, இங்கே பெரிய துறைமுகம் அமைக்க ஆராய்ச்சி நடந்தது. ஆனால் கட்டுமானம் தொடங்கியது 2015 டிசம்பரில்தான். முதல் தாய்க்கப்பலாகிய சான் பெர்னாண்டோ 2024 ஜூலையில் வந்தது. 2025 மே 2ஆம் தேதி துறைமுகம் முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அடுத்த மாதமே, ஏறக்குறைய 400 மீட்டர் நீளமுள்ள எம்.எஸ்.சி. இரினா இங்கே வந்து கட்டப்பட்டது. உலகின் மிகப் பெரிய சரக்குப்பெட்டகக் கப்பல்களில் அது ஒன்று.

இவ்வளவு பெரிய கப்பல்கள் இங்கே வருவானேன்? ஐரோப்பாவுக்கும் கிழக்காசியாவுக்கும் இடையிலான கப்பல் பாதை இவ்விடத்திலிருந்து சுமார் 10 கடல் மைல் தூரத்திலேயே செல்கின்றது. இயற்கையான ஆழமோ 18 முதல் 20 மீட்டர். இதுவரை கப்பல் மாற்றி அனுப்பப்படும் நம் நாட்டுச் சரக்குகளில் பெரும்பகுதி கொழும்பு, சிங்கப்பூர் முதலான துறைமுகங்களுக்குச் சிறு கப்பல்களில் கொண்டுபோகப்பட்டு, அங்கே தாய்க்கப்பலுக்கு மாற்றப்பட்டது. அந்த மாற்று வேலையை நம் கரையிலேயே செய்வதுதான் இத்துறைமுகத்தின் நோக்கம்.

எனினும் நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. துறைமுகத்தைக் காப்பதற்காக ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் நீளமுள்ள அலைதடுப்புச் சுவர் கடலுக்குள் கட்டப்பட்டுள்ளது. கடற்கரை மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. நீரோட்டத்தோடு கரையை ஒட்டி நகர்ந்துகொண்டேயிருக்கும். குறுக்கே ஒரு சுவர் எழுந்தால், ஒருபுறம் மணல் சேரும். மறுபுறம் கரை கரையும். வலியதுறை, சங்குமுகம் பகுதிகளில் வீடுகளைக் கடல் விழுங்கியதற்கு இதுவே காரணம் என்று மீனவர்கள் சொல்லுகின்றனர். புயல்களும் பருவநிலை மாற்றமுமே காரணம், துறைமுகம் அன்று என்று திட்டத்தை நடத்துவோர் மறுக்கின்றனர். 2022 ஆகஸ்டில் தொடங்கிய மீனவர் போராட்டம் டிசம்பர்வரை நூறு நாட்களுக்கு மேல் நீடித்தது. காரணம் எதுவாயினும், வீடிழந்த குடும்பங்கள் வலியதுறையில் தானியமும் சிமெண்டும் வைக்கும் கிடங்குகளில் ஆண்டுக்கணக்காய்த் துணித்திரை கட்டிக் குடியிருந்தது மறுக்கவொண்ணாத உண்மை. முட்டத்தறையில் கட்டப்பட்ட அடுக்குமாடி வீடுகள் 2025ஆம் ஆண்டில்தான் அவர்களில் பலருக்குக் கிடைத்தன.

அந்த வலியதுறைக்கே அடுத்துச் செல்லுங்கள். திருவனந்தபுரத்தின் பழைய துறைமுகம் இதுவே. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட, சரக்குகள் படகுகளில் கரைக்கு வரும். பின்னர் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் கட்டப்பட்டது. 1947ஆம் ஆண்டில் ஒரு கப்பல் மோதி அது நொறுங்கிற்று, உயிர்ச்சேதமும் உண்டாயிற்று. 1956இல் சுமார் 214 மீட்டர் நீளத்தில் புதிய பாலம் எழுந்தது. கொச்சியின் துறைமுகம் வளர வளர, இங்கே கப்பல்களின் வரத்து நின்றுபோயிற்று. பாலம் மாலைக் காற்று வாங்குவோருக்கும் தூண்டில் போடுவோருக்கும் உரியதாயிற்று. 2021ஆம் ஆண்டுப் புயலில் அது சாய்ந்தது. 2024இல் இரண்டாய்ப் பிளந்தது. பட்டினங்கள் எழும்புவதையும் தாழ்வதையும் வலியதுறை நம் கண்முன்பாகவே காட்டுகின்றது.

வடக்கே சற்றுத் தூரத்தில் தும்பா. பூமியின் காந்த நடுக்கோடு இவ்வூருக்கு அருகே செல்வதால், விண்வெளி ஆராய்ச்சிக்கு ஏற்ற இடமென்று 1960களின் தொடக்கத்தில் விக்ரம் சாராபாய் இதைத் தெரிந்துகொண்டார். ஆனால் அங்கே மகதலேனா மரியாள் ஆலயமும் மீனவர் குடியிருப்பும் இருந்தன. ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைரா சபையாரிடத்தில் பேச, அவர்கள் தங்கள் ஆலயத்தையும் வீடுகளையும் விட்டுக்கொடுத்து வேறிடம் சென்றனர். 1963 நவம்பர் 21ஆம் தேதி இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் இங்கிருந்தே ஏவப்பட்டது. தொடக்ககாலத்தில் பணிக்கூடமாயிருந்த அந்த ஆலயம், இன்று விண்வெளி அருங்காட்சியகமாக விளங்குகின்றது. நுழையுமுன் உங்கள் பிள்ளைகளுக்கு ராக்கெட்டைப்பற்றி மட்டுமல்ல, இடம் கொடுத்தவர்களைப்பற்றியும் சொல்லுங்கள்.

இறுதியாக அஞ்சுதெங்கு. வர்க்கலைக்குச் சற்றுத் தெற்கே, கடலுக்கும் காயலுக்கும் நடுவே கிடக்கும் குறுகிய நிலம் இது. கடைக்காவூர் நிலையத்தில் இறங்கினால் அருகிலேயே உள்ளது. ஆற்றிங்கல் ராணியிடம் அனுமதி பெற்று, 1690களில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் இங்கே கோட்டை கட்டினர். மிளகே அவர்களது நாட்டம். விலையில் செய்த வஞ்சனையும் அதிகாரிகளின் ஆணவமும் ஜனங்களைக் கோபமூட்டின. 1721 ஏப்ரலில், ராணிக்குக் காணிக்கை கொண்டுசென்ற கோட்டைத் தலைவன் கிபோர்டும் சுமார் 140 பேரும் ஆற்றிங்கலில் கொல்லப்பட்டனர். கோட்டையும் மாதக்கணக்கில் முற்றுகையிடப்பட்டது. பிளாசிப் போருக்கு 36 ஆண்டுகளுக்கு முன்னரே நடந்த எழுச்சி இது. இன்று சதுரமான மதிலும் புல்வெளியும் மாத்திரம் மிஞ்சியிருக்க, சுற்றிலும் மீனவர் வீடுகள் நெருங்கி நிற்கின்றன. மகாகவி குமாரன் ஆசான் 1873இல் பிறந்த காயிக்கரையும் பக்கத்திலேதான்.

வாசகரே, இந்தக் கரை யாவருக்கும் கொடுத்துக்கொண்டேயிருந்திருக்கின்றது. மிளகு வணிகருக்குத் துறை கொடுத்தது. ராக்கெட்டுக்கு ஆலயத்தைக் கொடுத்தது. தாய்க்கப்பல்களுக்குத் தன் குடாவைக் கொடுத்தது. கொடுத்தவர்களுக்கோ ஆபத்துகளே முதற்பங்காக வந்தன. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் பூந்துறை, விழிஞம் மீனவர் அநேகரைக் கன்னியாகுமரி மீனவர்களோடு கூடக் கொண்டுபோயிற்று. ஒன்பது மாதம் கழித்து, 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, துக்கம் ஆறாத அதே மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு சென்று, முன்பின் அறியாத ஆயிரக்கணக்கானோரை மீட்டனர். 2025 மே 25ஆம் தேதி, விழிஞத்திலிருந்து கொச்சிக்குச் சென்ற எம்.எஸ்.சி. எல்சா 3 என்னும் கப்பல் 640 சரக்குப்பெட்டகங்களோடு மூழ்கிற்று. மாலுமிகள் 24 பேரும் தப்பினர். ஆனால் அதிலிருந்து சிதறிய சிறு பிளாஸ்டிக் மணிகள் இக்கரையின் மணலில் வந்து ஒதுங்க, மீன் வாங்குவோர் அஞ்சிப் பின்வாங்கினர்.

நகரத்தில் பிழைக்க வந்த நமக்கு இது அந்நியமான கதையன்று. சொந்த நிலத்தை விட்டு வருவதன் வேதனையை நம் பெற்றோர் அறிவர். ஆகவே இக்கரைக்குச் செல்லும்போது விருந்தினராய்ச் செல்லுங்கள். விடியற்காலையில் விழிஞம் துறையில் படகுகள் வந்து சேரும் நேரத்தில் நில்லுங்கள். கரைவலை இழுப்போரை, அவர்கள் மொழியில் கம்பவலைக்காரரை, புகைப்படம் எடுக்குமுன் அனுமதி கேளுங்கள். நீங்கள் தமிழிலேயே பேசலாம். அவர்கள் விளங்கிக்கொள்வர், அவர்கள் பேச்சிலும் தமிழின் ஓசை கேட்கும். கூடை சுமக்கும் தாய்மாரிடம் பேரம் பேசாமல் மீன் வாங்குங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கடல் சீற்றமாயிருக்குமாகையால், டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களே குடும்பத்தோடு செல்ல உகந்தவை. அக்காலத்திலும் பிள்ளைகளைத் தனியே கடலில் இறங்க விடாதிருங்கள்.

இவற்றையெல்லாம் கண்டபின்பு ஒருநாள் நீங்கள் உல்லாசக் கப்பலிலும் ஏறலாம். அப்பொழுது தளத்தில் நின்று தூரத்துக் கரையைப் பார்க்கையில், அது வெறும் பச்சைக் கோடாக உங்களுக்குத் தோன்றாது. அங்கே யார் வாழ்கிறார்கள் என்பதை அறிந்தவர்களாய்ப் பார்ப்பீர்கள்.