வாகனம் வராத பாதை

போர்க்காலத்தில் வாழ்ந்த எங்களில் பலருக்குச் சைக்கிள் ஒரு பொழுதுபோக்குப் பொருளாக இருந்ததில்லை. தண்ணீரும் விறகும் நிவாரண அரிசியும் அதில்தான் வந்தன. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதும் அதுதான். எரிபொருளுக்குத் தடை இருந்த தொண்ணூறுகளில் எங்கள் பகுதிகளில் சைக்கிள் இல்லாத வீடு கையில்லாத ஆளைப் போன்றது. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமமே இடம்பெயர்ந்தபோது நானும் என் லேடீஸ் சைக்கிளின் கரியரில் அம்மம்மாவை இருத்தி, ஹான்டிலில் இரண்டு பைகளைக் கொழுவிக்கொண்டு நாவற்குழிப் பக்கமாக உருட்டிப் போனவள்தான். அன்று ஏறி ஓடச் சனநெருக்கம் இடம் தரவில்லை.

ஆகவே, சைக்கிள் ஓடுவதற்காகவே ஒருவர் லீவு எடுத்து, காசு செலவழித்து, மலைக்குப் போகிறார் என்றால் எங்களுக்குச் சிரிப்பு வரும். சுவிற்சர்லாந்தில் என்னோடு வேலை செய்யும் பெண்கள் இப்படிப் போய்வந்து கதை சொல்லும்போது எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. கடந்த கோடையில் என் மகள் வற்புறுத்தி என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே கண்டவற்றை எங்கள் சகோதரிகளுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

ஐரோப்பாவில் இப்போது 'கிரவல் சைக்கிள்' என்று ஒரு வகை பரவி வருகிறது. கிரவல் வீதி எங்களுக்குப் புதிதல்ல. தார் போடாமல், கல்லும் மண்ணும் பரப்பி அமர்த்திய வீதி. எங்கள் ஊர்களில் அது வறுமையின் அடையாளம். 'எங்கள் ஒழுங்கைக்கு எப்போது தார் போடுவார்கள்' என்று கேட்டுக் கேட்டுக் களைத்தவர்கள் நாங்கள். அங்கேயோ அப்படியான பாதையைத் தேடிப் போகிறார்கள். இந்தச் சைக்கிளின் ஹான்டில் பந்தயச் சைக்கிளைப் போலக் கீழே வளைந்திருக்கும். ஆனால் ரயர் அகலமானது. காற்றையும் கொஞ்சம் தளர்வாகவே அடிப்பார்கள். இறுக்கமாக அடித்த ரயர் கல்லில் பட்டுத் துள்ளும். தளர்வான ரயர் கல்லோடு அமர்ந்து உருளும். ஏற்றத்தில் காலுக்குச் சுமை தெரியாமலிருக்க இலேசான கியர்களும் உண்டு.

நாங்கள் போன இடம் வட இத்தாலியின் டொலமைற் மலைப்பகுதி. அது அல்ப்ஸ் மலைத்தொடரின் ஒரு பகுதி. புகையிரதத்தில் டொப்லாக் என்ற சிற்றூருக்குப் போய் இறங்கினோம். அதற்கு டொபியாக்கோ என்று இத்தாலியப் பெயரும் உண்டு. அங்குள்ளவர்களில் அநேகர் ஜேர்மன் மொழி பேசுபவர்கள். பெயர்ப்பலகைகள் இரு மொழியிலும் இருக்கின்றன. அங்கிருந்து தெற்கே கோர்ற்றினா என்ற பட்டினம் வரை ஏறத்தாழ 30 கிலோமீற்றர் நீளமான சைக்கிள் பாதை. பெரும்பகுதி கிரவல்தான். பக்கத்துப் பெரிய வீதியைச் சில இடங்களில் குறுக்கே கடக்க வேண்டும். மற்றபடி மோட்டார் வாகனம் எதுவும் அதில் வர முடியாது.

முதல் இரண்டு கிலோமீற்றர் தூரமும் நான் நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஏன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு காலத்தில் ட்ரக் வருகிறதா என்று பார்த்தோம். வானத்தில் இரைச்சல் கேட்கிறதா என்று காது கொடுத்தோம். பிறகு பஸ்ஸுக்கும் லொறிக்கும் பயந்து வீதியோரம் ஒதுங்கினோம். பழக்கம் உடம்பில் ஊறிவிட்டது. பின்னால் வந்த மகள் கண்டுவிட்டாள்.

"அம்மா, சும்மா சும்மா திரும்பிப் பாக்காதேங்கோ. பின்னுக்கு நான் மட்டும்தான் வாறன். வேற ஒண்டும் வராது."

அதன் பிறகுதான் முன்னால் பார்க்கத் தொடங்கினேன். இரு பக்கமும் ஊசியிலைக் காடு. டொப்லாக் ஏரியின் பச்சைத் தண்ணீர். தலைக்கு மேலே வெளிறிய பாறை மலைகள். ஓரிடத்தில் மரங்கள் விலகி, 'மூன்று சிகரங்கள்' என்று பெயர்பெற்ற பாறைகள் தெரிந்தன. அவற்றில் உயர்ந்தது 2,999 மீற்றர். இவ்வளவு மலைகளுக்கு நடுவிலும் பாதை மட்டும் செங்குத்தாக ஏறவில்லை. 1,530 மீற்றர் உயரத்தில் உள்ள சீமபாங்கே கணவாய்க்கு அது மெல்ல மெல்லத்தான் ஏறுகிறது. நூறு மீற்றர் தூரத்துக்கு இரண்டு மீற்றர் அளவில்தான் ஏற்றம். ஐம்பது வயது தாண்டிய எனக்கும் மூச்சு வாங்கவில்லை.

காரணத்தை மகள் சொன்னாள். இது ஒரு பழைய புகையிரதப் பாதை. புகையிரதம் செங்குத்தான ஏற்றம் ஏறாது. ஆகையால் வழியை அப்படி அமைத்திருக்கிறார்கள். அதை அமைக்கத் தொடங்கியது எதற்காக என்று கேட்டால் பதில் 'போருக்காக' என்பதுதான்.

முதலாம் உலகப் போரில் 1915 முதல் 1917 வரை இத்தாலியப் படைக்கும் ஒஸ்ரிய–ஹங்கேரியப் படைக்கும் இடையிலான போர்முனை இந்த மலைகளில்தான் இருந்தது. ஷெல்லும் உணவும் கொண்டு போகவும் காயப்பட்டவர்களைக் கொண்டு வரவும் இரு தரப்பும் தத்தம் பக்கத்தில் சிறு புகையிரதப் பாதைகளைப் போட்டன. போர் முடிந்தபின் அவை இணைக்கப்பட்டு, 1921 இல் பொதுமக்கள் பிரயாணம் செய்யத் தொடங்கினார்கள். 1964 இல் புகையிரதச் சேவை முற்றாக நின்றது. தண்டவாளம் போன பின்னும் அந்த வழியை யாரும் அடைத்துக்கொள்ளவில்லை. கோடையில் சைக்கிளுக்கும், பனிக்காலத்தில் பனிச்சறுக்கலுக்கும் என்று வைத்திருக்கிறார்கள். பழைய சுரங்க வழிகளுக்குள்ளாலும், ஆழமான பள்ளத்துக்கு மேலான பாலத்தாலும் இன்று பிள்ளைகள் மணியடித்துக்கொண்டு போகிறார்கள்.

ஏரியைத் தாண்டிச் சிறிது தூரத்தில், காட்டோரமாக ஒரு போர்வீரர் மயானம். வரிசை வரிசையாகச் சிலுவைகள். ஒஸ்ரிய–ஹங்கேரியப் படையில் போரிட்டு இறந்தவர்கள் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அந்தப் போரில் அவர்கள் பக்கம் தோற்றது. அந்த மண் வென்ற இத்தாலிக்குப் போனது. ஆனால் கல்லறைகள் அங்கேயே இருக்கின்றன, துப்புரவாகப் பராமரிக்கப்படுகின்றன. சைக்கிளைச் சாத்திவிட்டு நெடுநேரம் நின்றேன். மகள் அவசரப்படுத்தவில்லை. சற்று அப்பால் லான்ட்ரோ என்ற சிறு குடியிருப்பு. அதுவும் அந்தப் போரில் தரைமட்டமானது.

போர் என்றால் ஆண்களின் பெயர்கள்தான் கல்லில் ஏறும். இந்தப் பள்ளத்தாக்குக்குக் கிழக்கே, கார்ணியா என்ற மலைப்பகுதியில், அதே போரில் பெண்கள் முதுகில் கூடை கட்டி, முப்பது நாற்பது கிலோ ஷெல்லும் உணவும் சுமந்து போர்முனைக்கு ஏறினார்கள். ஆண்களெல்லாம் படைக்குப் போய்விட்ட வீடுகளின் பெண்கள் அவர்கள். வயலையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டே சுமந்தவர்கள். நான்கு பிள்ளைகளின் தாயான மரியா ப்லோஸ்னர் மென்ரில் 1916 பெப்ரவரியில் சுமையோடு போனபோது சுடப்பட்டு இறந்தார். அவருக்கு இத்தாலி அரசு வீரத்துக்கான தங்கப் பதக்கம் வழங்கியது 1997 இல்தான். எண்பத்தொரு வருடம் சென்றது.

கணவாயில் சாப்பாட்டுப் பொதியை அவிழ்த்து உட்கார்ந்திருந்தபோது, எங்களைக் கடந்து போனவர்களைப் பார்த்தேன். நரைத்த தலையோடு மூன்று பெண்கள் சிரித்துக் கதைத்தபடி போனார்கள். ஒரு தாய் பின்னால் சிறு வண்டி பூட்டி அதில் குழந்தையைத் தூங்க வைத்திருந்தாள். யாரும் அவர்களை முறைத்துப் பார்க்கவில்லை. ஹோர்ன் அடித்து விலக்கவில்லை. அங்கிருந்து கோர்ற்றினா வரை பெரும்பாலும் இறக்கம். பிறேக்கைத் தொட்டுத் தொட்டு ஓடினேன். கரியரில் ஒன்றும் இல்லை, ஹான்டிலில் ஒன்றும் இல்லை. பின்னேரம் சைக்கிள்களோடு பஸ்ஸில் திரும்பினோம்.

எங்கள் வடபகுதிப் புகையிரதப் பாதைக்கு நடந்தது இதற்கு மறுவளம். போர் அதைத் தின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்கு குழிகளுக்குப் போயின. 1990 இல் நின்ற யாழ்தேவி 2014 ஒக்ரோபரில்தான் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. அது வந்தது நல்லது. வீதிகளும் அகலமாகி, காப்பெற் போடப்பட்டன. ஆனால் அந்த வீதிகளில் வாகனங்கள் பறக்கின்றன. தையல் வேலைக்கும் தோட்ட வேலைக்கும் சைக்கிளில் போகும் பெண்களும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் வெள்ளைக் கோட்டின் ஓரத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள்.

எங்களிடம் அல்ப்ஸ் மலை இல்லை. குளக்கட்டு இருக்கிறது, வாய்க்கால் கரை இருக்கிறது, வயலூடாகப் போகும் பழைய வண்டிப்பாதை இருக்கிறது. அவற்றுக்குக் காப்பெற் தேவையில்லை. நன்றாக அமர்த்திய கிரவலும், மழைத்தண்ணீர் ஓட வழியும், மோட்டார் வாகனம் நுழையாதபடி இரண்டு கல்லும், மாலையில் ஒரு வெளிச்சமும் போதும். அடுத்த முறை மாதர் சங்கக் கூட்டத்தில், பிரதேச சபைக்கு எழுதும் கோரிக்கைகளில் இதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் போகும் ஒரு பாதையில் தொடங்கினால் போதும். ஒரு பெண் திரும்பித் திரும்பிப் பார்க்காமல் சைக்கிள் ஓடக்கூடிய பாதையும் எங்களுக்குச் சேர வேண்டிய நிவாரணம்தான்.