துப்பாக்கிக்கும் பல் தேய்க்கணும்!

சென்னையிலிருந்து திருச்சிக்குப் பஸ்ஸில் போகிற எல்லோருக்கும் உளுந்தூர்பேட்டை தெரியும். ஆனால் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் 10-வது பட்டாலியன் இருப்பது அங்கேதான் என்பது பலருக்குத் தெரியாது. இந்த மாதிரிப் படைகளில் சுடும் பயிற்சி முடிந்தால் அடுத்த வேலை ஓய்வு இல்லை. துப்பாக்கியைத் துடைப்பது!

சினிமா ஹீரோ நூறு ரவுண்டு சுடுவார். ஒரு தடவையாவது துடைத்துப் பார்த்திருக்கிறீர்களா?

வெடிமருந்து முழுசாக எரிவதில்லை. மிச்சம் கரியாகி பேரல், போல்ட், பிஸ்டன் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும். தோசைக்கல் ஓரத்தில் எண்ணெய் கருகி இறுகுமே, அதே கதைதான்.

எடுப்பது எப்படி? முதலில் உள்ளே குண்டு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். பிறகு பாகங்களைக் கழற்றி, கரியை இளக்கும் திரவம் தடவி ஊறவிட்டு, வெண்கலப் பிரஷால் தேய்க்க வேண்டும். வெண்கலம் எஃகைவிட மென்மை, அதனால் கீறல் விழாது. உப்புத்தாள் போட்டால் பளபளக்கும்தான், ஆனால் கரியோடு இரும்பும் போய்விடும்! கடைசியில் துணியால் துடைத்து, மெல்லிசாக எண்ணெய். என்.சி.சி. நண்பர்களுக்குப் பேரலுக்குள் துணி இழுக்கும் 'புல்-த்ரூ' கயிறு ஞாபகம் வரலாம்.

பழைய .303 ரைஃபிளில் வில்லன் வேறு. அந்தக் காலத் தோட்டாக்கள் வெடித்ததும் பேரலில் பொட்டாசியம் குளோரைடு படியும். அது ஒரு உப்பு, ஈரத்தை இழுத்துத் துருவாக்கும். எண்ணெயில் கரையாது. அதனால் கொதிக்கும் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள்.

துடைக்காவிட்டால் என்ன ஆகும்? வியட்நாம் போரில் அமெரிக்க வீரர்களுக்குப் புதிதாக எம்-16 கொடுத்தார்கள். இதை அதிகம் துடைக்க வேண்டாம் என்று ஒரு பேச்சு. துடைக்கும் கருவிகள் போதவில்லை. வெடிமருந்தையும் மாற்றியதில் அழுக்கு கூடியது, சேம்பரில் குரோம் பூச்சும் இல்லை. சுட்ட தோட்டாவின் கூடு உள்ளேயே சிக்கியது. எதிரி எதிரே நிற்கும்போது கம்பியை விட்டுக் குத்தி எடுக்க வேண்டிய நிலை. உயிர்கள் போயின. 1967-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்தது. பிறகுதான் குரோம் பூச்சு, துடைக்கும் கருவிகள் எல்லாம் வந்தன. படக்கதை மாதிரி ஒரு கையேடுகூட வந்தது. வரைந்தவர் காமிக்ஸ் ஓவியர் வில் ஐஸ்னர்!

காமர்ஸ் மாணவர்கள் 'பராமரிப்புச் செலவு' என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிற விஷயம்தான் இது. அந்த வரியைச் சரியாகக் கவனிக்காததற்கு, பேரேட்டில் வராத விலையை யாரோ சில இளைஞர்கள் கொடுத்தார்கள்.