கிழங்கும் முத்தும்

2020 ஏப்ரல் 21. கொவிட் கட்டுப்பாடுகளை அரசாங்கம் இன்னும் இறுக்கிய நாள். பானம் மட்டும் விற்கும் கடைகள் அன்றிரவோடு மூடப்படும் என்ற செய்தி வந்ததுதான் தாமதம், சிங்கப்பூரில் பபள் டீ கடைகளின் முன்னால் வரிசை நீண்டுவிட்டது. மறுநாள் என் வயதுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேலி. ஊரே நோய்க்குப் பயந்து கிடக்கும்போது இந்தப் பிள்ளைகளுக்கு நாக்கு கேட்கிறதா, நாமெல்லாம் அரிசிக்கு வரிசையில் நின்ற பரம்பரை என்று ஆளுக்கொரு பிரசங்கம். அரிசிக்கு நின்றவர் அந்தக் குழுவில் ஒருவர்கூட இல்லை. நின்றவர்கள் எங்கள் பெற்றோர். நாங்கள் எல்லாரும் போருக்குப் பிறகு பிறந்து, மூன்று வேளையும் சோறு தின்று வளர்ந்தவர்கள்.

எங்கள் வீட்டில் பேத்தி பிரசங்கம் எதையும் காதில் வாங்கவில்லை. மரவள்ளி மாவு எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். கடை மூடினால் என்ன, வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்பது அவள் யோசனை. அந்த வாரங்களில் பல வீடுகளில் இதே யோசனைதான் ஓடியது போலும். எங்கள் பேட்டைக் கடையில் மாவு அடுக்கும் தட்டு காலியாகக் கிடந்தது. இன்னொரு கடையில் கிடைத்தது.

பபள் டீயில் போடும் இந்த முத்தைச் செய்வதற்குச் சாமான் என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். 120 கிராம் மரவள்ளி மாவு, 60 மில்லி தண்ணீர், 50 கிராம் பழுப்புச் சீனி. எங்கள் பக்கம் குலா மெலாக்கா என்னும் தென்னை வெல்லம் சுலபமாகக் கிடைப்பதால் அதையே போட்டோம். வாசம் தூக்கலாக இருக்கும். சூட்சுமமெல்லாம் தண்ணீரின் சூட்டில். சீனியைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சிய பாகை ஆறவிட்டு ஊற்றினால் மாவு நம்மைக் கேலி செய்யும். கையில் இறுக்கிப் பிடித்தால் கல் மாதிரி நிற்கும், பிடியை விட்டால் விரலிடுக்கில் வழிந்து ஓடும். கோதுமை மாவில் பசைச்சத்து உண்டு, பிசைந்தால் சேரும். இது வெறும் மாவுச்சத்து. 60, 70 டிகிரி சூட்டைத் தாண்டினால்தான் இந்த மாவின் மணிகள் தண்ணீர் குடித்து ஊதி, ஒன்றோடொன்று ஒட்டும். ஆகவே பாகு தளதளவென்று கொதிக்கும்போதே பாதி மாவை அதில் கொட்டிக் கிளறி, களியாக இறுகியதும் மீதி மாவைச் சேர்த்துச் சூட்டோடு பிசைய வேண்டும். கை பொறுக்காத சூடு. பேத்தி இரண்டு முறை கையை உதறிவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்குத் தோல் தடித்துப்போய்விட்டது, பிசைந்தேன்.

பிறகு கயிறாகத் திரித்து, சுண்டுவிரல் நகத்தளவு துண்டாக்கி, ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வைத்து உருட்ட வேண்டும். வெந்தால் ஊதும் என்பதால் 8 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. போனால் உறிஞ்சுகுழலில் வந்து அடைத்துக்கொள்ளும். உருட்டியதை வறட்டு மாவில் புரட்டாமல் விட்டால் எல்லாம் ஒட்டி ஒரே உருண்டையாகிவிடும். அரை மணி நேரம் கொதிநீரில் வேகவிட்டு, அடுப்பை அணைத்து மூடி, இன்னொரு அரை மணி அப்படியே விட வேண்டும். ஒன்றை எடுத்துக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் வெள்ளைப் புள்ளி இருக்கும். அது கரையும்வரை வேகவில்லை என்று அர்த்தம். அப்புறம் பாகில் ஊறல். ஒரு குவளைக்கு முப்பது நாற்பது முத்து; இரண்டு பேர் உட்கார்ந்தால் நான்கு குவளைக்கு உருட்டுவதற்குள் முதுகு பிடித்துக்கொள்ளும். கடையில் ஐந்து வெள்ளிக்குக் கிடைப்பதன் பின்னால் எத்தனை வேலை என்று பேத்தியே சொல்லிவிட்டாள். நான் சொல்லியிருந்தால் அது உபதேசம்.

என் அம்மாவுக்கு மரவள்ளி என்றாலே ஆகாது. வீட்டுக்குள் வரவிட மாட்டார். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. அடுத்த மூன்றரை வருடம் ஜப்பான்காரன் காலம். கப்பலில் வந்துகொண்டிருந்த அரிசி சுருங்கியது, கூப்பன் அரிசி மாதத்துக்கு மாதம் குறைந்தது. வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டுக்கு மதிப்பே இல்லாமல் போனது. குச்சியை ஒடித்து நட்டால் எந்த மண்ணிலும் வளரும் மரவள்ளிதான் ஊரைக் காப்பாற்றியது. கிழங்கை அவித்தார்கள், கீரையாக இலையைக் கிண்டினார்கள், மாவில் ரொட்டி சுட்டார்கள். அந்த ரொட்டி ரப்பர் போல இழுக்கும் என்பார் அம்மா. வயிறு நிறையும், உடம்பில் ஒட்டாது. அதில் புரதம் என்பது பெயருக்குத்தான். கால் வீங்கும் பெரிபெரியும் வந்தது.

அந்தப் பசியை அம்மா எங்களுக்குச் சோற்றோடு சேர்த்தே பரிமாறினார். தட்டில் ஒரு பருக்கை மிஞ்சினால் ஜப்பான்காரன் வந்துவிடுவான். வறுமையின் கதையைப் பிள்ளைகளிடம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் சொல்லக்கூடாது என்பது என் கட்சி. தின்கிறவனுக்குச் சோறும் இறங்காது, கதையும் ஏறாது. எங்களுக்கு ஏறவில்லை. பள்ளி விட்டு வரும் வழியில் மலாய்க்காரப் பாட்டியிடம் குவே பிங்கா ஊபி வாங்கித் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போவேன். அதுவும் மரவள்ளிதான், தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்த்து, மேலே பொன்னிறமாகச் சுட்டது.

கிழங்கின் மேல் குற்றமில்லை, எந்தக் காலத்தில் நம் தட்டுக்கு வந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பபள் டீ பிறந்த தைவானும் 1895 முதல் 1945 வரை ஜப்பானியர் கையில் இருந்த ஊர். அங்கே மாவுருண்டையைச் சீவிய ஐஸ் மேல் போட்டுத் தின்கிற வழக்கம் உண்டு. அதை யாரோ தூக்கிப் பால் தேநீரில் போட்டார்கள். அந்த யாரோ யார் என்பதில் அடிதடி. தைனானில் ஒரு தேநீர்க் கடை 1986இல் தான்தான் என்றது. தைச்சுங்கில் இன்னொரு கடை 1980களின் பிற்பகுதியில் தங்கள் ஊழியர் ஒருவர் போட்டதுதான் முதல் என்றது. பத்து வருடம் கோர்ட்டுக்கு அலைந்து, 2019இல் வந்த தீர்ப்பு எனக்கு மிகவும் பிடித்தது: இந்தப் பானத்துக்கு யாரும் காப்புரிமை கேட்க முடியாது, யார் வேண்டுமானாலும் போடலாம், ஆகவே முதலில் போட்டவர் யார் என்று கோர்ட் முடிவுசெய்ய வேண்டியதே இல்லை. சொத்துக்காகப் பேசாமல் போன அண்ணன் தம்பிகள் எனக்குத் தெரிந்தே நாலைந்து குடும்பத்தில் உண்டு. அவர்களுக்கு இப்படி ஒரு நீதிபதி வாய்க்கவில்லை.

சீனி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2023 கடைசியிலிருந்து சிங்கப்பூரில் கடையில் போட்டுத் தரும் பானங்களுக்கும் ஏ, பி, சி, டி என்று தரம் போடச் சொல்லிவிட்டார்கள். நீரிழிவுக்காரனான நான் கடைக்குப் போனால் 'சீனி 0%' என்று கம்பீரமாகச் சொல்வேன். பாகில் ஊறிய முத்தை மட்டும் வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. முத்தும் மாவுச்சத்துதானே, வயிற்றுக்குப் போனால் அதுவும் சீனிதான் என்று பேத்தி பாடம் எடுப்பாள். வீட்டில் செய்தால் எனக்கு ஐந்து முத்து என்று எண்ணிப் போடுகிறாள். மிஞ்சியதைக் குளிர்பெட்டியில் வைத்துப் பயனில்லை. மாவு இறுகி நடுவில் சுண்ணாம்பாகிவிடும். அன்றைக்கு உருட்டியதை அன்றைக்கே முடிக்க வேண்டும்.

முத்து உருட்டும்போதுதான் அவளாகக் கேட்டாள், ஜப்பான் காலத்தில் கிழங்கை எப்படிச் சமைத்தார்கள் என்று. பசியைப் பற்றி அவள் கேட்கவில்லை, செய்முறையைக் கேட்டாள். மேல்தோலோடு உள்தோலையும் சேர்த்து உரித்து, நடு நரம்பை எடுத்து, வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கசப்பு ரகத்தில் சயனைடு விஷம் உண்டு, சரியாக வேகாமல் தின்றால் ஆளையே சாய்த்துவிடும் என்றேன். கை வேலையில் இருந்ததால் மீதிக் கதையும் தானாக வந்தது. ஜப்பான் நோட்டு, கூப்பன், ரப்பர் ரொட்டி, கொள்ளுப்பாட்டி மரவள்ளியைப் பிறகு தொடவே இல்லை என்பது வரை.

"கடைசி வரைக்குமா தாத்தா?"

நாங்கள் கடையில் வாங்கும் ஜவ்வரிசியும் மரவள்ளி மாவுதான். சைனாடவுனில் இருக்கும் சாகோ தெருவுக்குப் பெயர் வந்ததே அங்கே ஒரு காலத்தில் இருந்த ஜவ்வரிசி ஆலைகளால். முன்பு பனை இனத்து மரம் ஒன்றின் சோற்றிலிருந்து எடுத்தார்கள், பிற்பாடு மரவள்ளிக்கு மாறினார்கள். போரினால் இந்தப் பக்கத்துச் சரக்கு நின்றபோதுதான் சேலத்தில் ஜவ்வரிசித் தொழிலே முளைத்தது.

"வருஷா வருஷம் தீபாவளிக்குப் பாயசம் வெச்சாங்க" என்றேன். "ரெண்டு கிண்ணம் சாப்பிடுவாங்க. எதுல செஞ்சதுன்னு நான் சொல்லலை."